கடலடிக் கணக்கு – இயல் 9: அட்டவணையும் மின்னணுக் கருவியும்

நீருக்கடியில் எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் தங்கலாம், மேலேறும்போது எங்கெங்கே நின்று வரவேண்டும் என்ற கேள்விக்கு விடை சொல்லும் கருவிகள் கடந்த நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் மூன்று வடிவங்களை எடுத்துள்ளன. முதலாவது அச்சிட்ட அட்டவணை. இரண்டாவது, நீரில் இறங்குமுன் படகிலோ கரையிலோ வைத்துக் கணக்குப் போட உதவும் திட்டக்கருவி. மூன்றாவது, மணிக்கட்டில் இருந்தபடியே ஆழத்தையும் நேரத்தையும் தானே அளந்து நொடிக்கு நொடி கணக்கிட்டுக்கொண்டு வரும் டைவ் கம்ப்யூட்டர். இவற்றை ஒன்றுக்கொன்று போட்டியாக நிறுத்தி, பழையது பாதுகாப்பானதா புதியது பாதுகாப்பானதா என்று கேட்பது முக்குளிப்பவர்களிடையே வழக்கமாகிவிட்டது. வரலாற்றை அடியிலிருந்து பின்தொடர்ந்தால் வேறொரு படம் தெரிகிறது: மூன்றுக்கும் அடித்தளம் 1908இல் வெளியான ஒரே ஆய்வுக் கட்டுரைதான், அதன் பின்னர் மாறிவந்தது, கணக்கை யார் போடுகிறார், எப்போது போடுகிறார் என்பதே.

ஹால்டேனின் ஐந்து திசுக்கள்

ஆற்றுப் பாலங்களின் அடித்தளத்துக்காக அழுத்தக்காற்று நிரப்பிய கெய்சன் அறைகளில் வேலை செய்தவர்கள் வெளியே வந்ததும் மூட்டுவலியாலும் பக்கவாதத்தாலும் வீழ்ந்ததைச் சென்ற இயலில் கண்டோம். அதற்குக் காரணம் உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாக வெளிப்படுவதே என்று பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர்ட் 1878இல் நிறுவியிருந்தார். ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும். அழுத்தம் கூடக்கூடச் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தின் வழியே திசுக்களில் மேலும் மேலும் கரையும். மெதுவாக மேலேறினால் அது நுரையீரல் வழியே வெளியேறிவிடும், விரைந்து ஏறினால் உடலுக்குள்ளேயே குமிழியாகும். இவ்வாறு உண்டாகும் நோயே அழுத்தத் தளர்வு நோய் எனப்படுகிறது. காரணம் தெரிந்த பிறகும், ‘மெதுவாக’ என்பது எவ்வளவு மெதுவாக என்பதற்கு எண்ணளவில் விடை இல்லாமலே மேலும் கால் நூற்றாண்டு கழிந்தது.

அந்த விடையைத் தேடும் பணியைப் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை, ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் உடலியலாளரிடம் ஒப்படைத்தது. லண்டனிலிருந்த லிஸ்டர் நிறுவனத்தின் எஃகு அழுத்த அறையில் அவரும் ஆர்தர் பாய்காட், கை டேமண்ட் ஆகியோரும் ஆடுகளை வைத்துச் சோதனை நடத்தினர்; அழுத்தம் குறைந்ததும் ஆடு முன்னங்காலை மடக்கித் தூக்கிக்கொண்டால் அது நோயின் அறிகுறியாகக் கொள்ளப்பட்டது. 1906 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் கடற்பகுதியில் டேமண்டும் கேட்டோ என்னும் கடற்படை அலுவலரும் இந்தப் புதிய முறையைப் பின்பற்றி 210 அடி, அதாவது ஏறத்தாழ 64 மீட்டர் ஆழம்வரை இறங்கி நலமாக மேலே வந்தனர். அதே சோதனைப் பயணத்தில் ஹால்டேனின் பதின்மூன்று வயது மகனும் தன் அளவுக்கு மிகப் பெரிய உடையை அணிந்து நீரில் இறங்கினான். பிற்காலத்தில் மரபியலாளராகப் புகழ்பெற்று, 1957இல் இந்தியாவில் குடியேறி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த ஜே.பி.எஸ். ஹால்டேன் அவரே.

1908இல் வெளியான கட்டுரையின் மையக் கருத்து எளிமையானது. உடலின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை ஏற்பதில்லை. இரத்த ஓட்டம் மிகுந்த பகுதிகள் விரைவாக நிரம்புகின்றன, கொழுப்பு போன்றவை மெதுவாக நிரம்பி மெதுவாகவே காலியாகின்றன. எனவே ஹால்டேன் உடலை ஐந்து கற்பனைத் திசுக்களாகப் பிரித்து, அவற்றுக்கு 5, 10, 20, 40, 75 நிமிட அரைக்காலங்களை வகுத்தார். அரைக்காலம் என்பது, திசுவிலுள்ள நைட்ரஜன் அழுத்தத்துக்கும் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் அழுத்தத்துக்கும் இடையேயுள்ள வேறுபாடு சரிபாதியாகக் குறைவதற்கு எடுக்கும் நேரம். மொத்த அழுத்தம் சரிபாதியாகக் குறையும்வரை எந்தத் திசுவும் தீங்கில்லாமல் தாங்கும் என்பது அவர் வகுத்த எல்லை. அந்த எல்லையைத் தாண்டாமல், இடையிடையே நின்று நின்று மேலேறும் முறையே படிநிலைத் தளர்வு.

ஓர் எண்கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் இயக்கம் தெளிவாகும். 30 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் 4 பார். காற்றில் நைட்ரஜனின் பங்கு நூற்றுக்கு 79 என்று கொண்டால் அதன் அழுத்தம் 3.16 பார். கடல்மட்டத்தில் 0.79 பார் நைட்ரஜனோடு இறங்கிய ஒருவர் அங்கே 20 நிமிடம் தங்கினால், 5 நிமிடத் திசு நான்கு அரைக்காலங்களைக் கடந்து 3.01 பாரை எட்டிவிடும். 40 நிமிடத் திசு 1.48 பாரில்தான் இருக்கும். ஹால்டேனின் விதிப்படி நேரே மேற்பரப்புக்கு வரும்போது எந்தத் திசுவிலும் 1.58 பாருக்கு மேல் இருக்கக்கூடாது என்பதால், இவர் வழியில் நின்றுதான் ஏறவேண்டும். வேகமான திசுக்கள் இதைவிட மிகக் கூடுதலான வேறுபாட்டைத் தாங்கும், மெதுவான திசுக்களே குறைவாகத் தாங்கும் என்பது பின்னர் தெரியவந்தது. அமெரிக்கக் கடற்படை மருத்துவரான ராபர்ட் வொர்க்மன் 1965இல் ஒவ்வொரு திசுவுக்கும் ஒவ்வோர் ஆழத்துக்கும் தனித்தனி உச்ச வரம்பை வகுத்து, இந்தத் திருத்தத்தை முறைப்படுத்தினார். அதன் பிறகு வந்த கணக்குமுறைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வடிவத்தின் வழிவந்தவையே.

கடற்படைத் தாளிலிருந்து விடுமுறைப் படகுக்கு

அட்டவணை என்பது இந்தக் கணக்கை அலுவலகத்தில் முன்கூட்டியே போட்டு, விடையை மட்டும் கட்டங்களில் எழுதித் தருவது. நீருக்குள் இருப்பவரால் ஐந்தாறு திசுக்களின் நிலையைத் தனித்தனியே கணக்கிட முடியாது. அவருக்குத் தெரியவேண்டியவை தொட்ட அதிகபட்ச ஆழமும் அடியில் கழித்த நேரமுமே. இந்த எளிமையே அட்டவணையின் வலிமை.

ஒரே நாளில் இருமுறை இறங்குபவருக்கு மட்டும் இந்த எளிமை போதவில்லை. முதல் முக்குளிப்பில் கரைந்த நைட்ரஜன் முழுவதும் வெளியேறுமுன் மீண்டும் இறங்கினால், இரண்டாம் கணக்கு சுழியிலிருந்து தொடங்குவதில்லை. மீந்திருக்கும் இந்தப் பகுதி எச்ச நைட்ரஜன் எனப்படும். 1957இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கக் கடற்படை அட்டவணைகள் இச்சிக்கலுக்கு நேர்த்தியான தீர்வைத் தந்தன. மேலே வந்தவருக்கு எச்ச நைட்ரஜனின் அளவைக் குறிக்கும் ஓர் எழுத்து தரப்பட்டது. மேற்பரப்பில் கழித்த நேரத்துக்கேற்ப அந்த எழுத்து படிப்படியாகக் கீழிறங்கியது. மறுமுறை இறங்கும்போது அந்த எழுத்துக்குரிய நிமிடங்கள், அடியில் ஏற்கெனவே கழித்த நேரமாகவே கூட்டப்பட்டன. மேற்பரப்பில் வெளியேறும் வேகத்தைக் கணிக்க 120 நிமிடத் திசுவை அளவுகோலாகக் கொண்டதால், ஆறு அரைக்காலங்களான 12 மணி நேரத்துக்குப் பிறகே ஒருவர் முழுமையாக விடுபட்டவராகக் கருதப்பட்டார்.

ஸ்கூபா கருவி பொதுமக்கள் கைக்கு வந்த காலத்தில் அவர்களுக்குக் கிடைத்த நம்பகமான அட்டவணைகளுள் முதன்மையானது இது என்பதால், பயிற்சி அமைப்புகள் இதையே சுருக்கி நெகிழி அட்டைகளில் அச்சிட்டுக் கொடுத்தன. ஆனால் அட்டவணை யாருக்காக உருவானதோ அவர் வேறு, அதைப் பயன்படுத்தியவர் வேறு. கடற்படை முக்குளிப்பவர் உடல்தகுதி சோதிக்கப்பட்டவர். குறித்த ஒரு வேலைக்காக ஓரிடத்துக்கு இறங்கி, அதை முடித்து மேலேறுபவர். படகிலேயே மருத்துவ உதவி பெறக்கூடியவர். விடுமுறையில் வந்தவரோ எல்லா வயதினரும் உடல்நிலையினரும் ஆவார். பவளப்பாறைச் சரிவில் கொஞ்சம் ஆழமாக இறங்கி, மீன்களைப் பார்த்தபடி மெல்ல மேலேறி, ஒரே நாளில் மூன்று நான்கு முறை நீரில் இறங்குபவர்.

இந்தப் பொருத்தமின்மை இரு திசைகளில் திருத்தம் கோரியது. ஒரு திசையில், அட்டவணையின் எல்லைகள் தாராளமானவை என்று தெரியவந்தது. மீயொலி அலைகளால் இரத்தத்தில் குமிழிகளைக் கேட்டறியும் டாப்ளர் கருவியைக் கொண்டு சியாட்டிலில் மெரில் ஸ்பென்சர் நடத்திய ஆய்வுகள், நோய்க்குறி எதுவும் இல்லாதவர்களின் இரத்தத்திலும் குமிழிகள் ஓடுவதைக் காட்டின. நோய் வந்ததா என்று மட்டும் கேட்ட பழைய அளவுகோலுக்குப் பதிலாக, குமிழி தோன்றியதா என்று கேட்கும் கடுமையான அளவுகோல் 1970களில் இவ்வாறு பிறந்தது. மறு திசையில், விடுமுறைக்காரரின் குறுகிய முக்குளிப்புகளுக்கு 120 நிமிடத் திசுவால் வரும் நீண்ட காத்திருப்பு தேவையற்றது என்று ரேமண்ட் ராஜர்ஸ் வாதிட்டு, 60 நிமிடத் திசுவை அளவுகோலாகக் கொண்ட புதிய கணக்குமுறையை வகுத்தார். மைக்கேல் பவல் அதை அழுத்த அறையிலும் கடலிலும் டாப்ளர் துணையோடு சோதித்தார். 1988இல் பி.ஏ.டி.ஐ. என்னும் பயிற்சி அமைப்பு இதைத் தன் பொழுதுபோக்கு முக்குளிப்புத் திட்ட அட்டவணையாக வெளியிட்டது. வழியில் நிற்காமல் நேரே மேலேறக்கூடிய நிறுத்தமில்லா எல்லையாக அமெரிக்கக் கடற்படை 60 அடிக்கு 60 நிமிடமும் 100 அடிக்கு 25 நிமிடமும் அனுமதித்த இடத்தில், இது முறையே 55, 20 நிமிடங்களோடு நிறுத்திக்கொண்டது. மேற்பரப்பு ஓய்வோ 12 மணியிலிருந்து 6 மணியாகச் சுருங்கியது.

கையடக்கத் திட்டக்கருவி

அட்டவணையின் பெரிய குறை, அது பாதையைப் பார்ப்பதில்லை என்பது. 30 மீட்டரில் 10 நிமிடம் இருந்துவிட்டு 12 மீட்டருக்கு ஏறி மேலும் 25 நிமிடம் கழித்தவரை, 35 நிமிடமும் 30 மீட்டரிலேயே கிடந்தவராக அது கொள்ளும். 1988ஆம் ஆண்டு அட்டவணையில் அந்த ஆழத்துக்கு எல்லை 20 நிமிடமே ஆதலால், இந்த முக்குளிப்பு அனுமதிக்கப்படாத ஒன்றாகிவிடும். உண்மையில் அவர் பெரும்பகுதி நேரத்தை ஆழம் குறைந்த இடத்தில் கழித்து, வேகமான திசுக்களில் ஏறியிருந்த நைட்ரஜனை அங்கேயே இறக்கத் தொடங்கிவிட்டார். மேலும் 19 மீட்டரை 20 ஆகவும், 21 மீட்டரை 22 ஆகவும் ஏற்றிக் கணக்கிடும் முழுமையாக்கம், பாதுகாப்பைக் கூட்டினாலும் நேரத்தைக் குறைத்தது.

இதற்கு விடையாக அதே 1988இல் அட்டவணையோடு சேர்ந்தே வெளிவந்தது சக்கரம் எனப் பெயர் பெற்ற வட்டமான நெகிழித் திட்டக்கருவி. ஒன்றன்மேல் ஒன்று சுழலும் தட்டுகளும் வளைகோடுகளும் கொண்ட அதன்மூலம், பல ஆழங்களில் படிப்படியாக ஏறிவரும் முக்குளிப்பையும் முன்கூட்டித் திட்டமிட முடிந்தது. ஆனால் வளைகோட்டைப் பின்பற்றிச் சரியான நிமிடத்தைப் படிப்பது பயிற்சி வேண்டிய வேலை. ஒரு கோடு மாறிப் படித்தாலும் விடை மாறிவிடும். 2000களில் இந்தச் சக்கரத்தின் இடத்தைப் பிடித்தது, சட்டைப்பைக் கால்குலேட்டரைப் போன்ற மின்னணுத் திட்டக்கருவி. எத்தனையாவது முக்குளிப்பு, எவ்வளவு ஆழம், மேற்பரப்பில் எவ்வளவு நேரம் என்று திரையில் அது வரிசையாகக் கேட்கும். பயன்படுத்துபவர் விடைகளை அழுத்தினால் நிறுத்தமில்லா எல்லையையும் எச்ச நைட்ரஜன் எழுத்தையும் சொல்லும்.

இக்கருவியின் இடத்தைச் சரியாக அறிவது அவசியம். அது நீருக்குள் கொண்டுசெல்வதற்கு உரியது அன்று. எதையும் அளப்பதும் இல்லை. 1988ஆம் ஆண்டு அட்டவணைக்குப் பின்னாலிருந்த அதே கணக்குமுறையைத்தான் அது திரைக்குக் கொண்டுவந்தது. நிரலையும் நிரையையும் விரலால் தொடர்ந்து செல்லும்போது நேரும் படிப்புப் பிழையை அது நீக்கியது. முழுமையாக்கத்தால் இழந்த நிமிடங்களை ஓரளவு மீட்டுத் தந்தது. ஆனால் அட்டவணையின் அடிப்படைப் பண்பு ஒன்றை அது அப்படியே காப்பாற்றியது: நீரில் கால் வைக்குமுன் ஆழமும் நேரமும் முடிவாகியிருக்க வேண்டும். மின்சுற்றுக்குள் புகுந்த அட்டவணை என்றே அதைச் சொல்லவேண்டும்.

கணக்கு நீருக்குள் இறங்குகிறது

நீருக்குள்ளேயே கணக்கிடும் கருவியைப் பற்றிய சிந்தனை, பலரும் எண்ணுவதைவிட மிகப் பழமையானது. அமெரிக்கக் கடற்படை அட்டவணைகள் நடைமுறைக்கு வருமுன்பே, 1953இல், கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கார்டன் குரோவ்ஸும் வால்டர் மங்கும் அத்தகைய அளவுமானி எப்படி அமையவேண்டும் என்று எழுதிவிட்டார்கள். திசுக்களில் வாயு பரவுவதைப் போலவே நுண்துளை அடைப்பின் வழியே காற்று மெல்லப் பரவுமாறு செய்தால், அந்தப் பரவலே உடலின் கணக்கைப் போட்டுக்காட்டும் என்பது அவர்களின் கருத்து. இதன் வழியில் பாக்ஸ்பரோ நிறுவனம் உருவாக்கிய கருவியைச் சோதித்த அமெரிக்கக் கடற்படை, அதன் காட்டல்கள் தன் அட்டவணைகளோடு ஒத்துப்போகவில்லை என்று 1957இல் அதைத் தள்ளுபடி செய்தது. 1959இல் இத்தாலியில் தோன்றிய எஸ்.ஓ.எஸ். மானியில் நெகிழ்வான பை ஒன்றிலிருந்த வாயு, பீங்கான் அடைப்பின் வழியே கெட்டியான அறைக்குள் நுழைய, அங்கே ஏறும் அழுத்தம் முள்ளை நகர்த்தியது. அது பல ஆண்டுகள் பரவலாக விற்றது. ஆயினும் ஒரே பீங்கான் அடைப்பு ஒரே ஒரு திசுவை மட்டுமே குறிக்க முடியும் ஆகையால், ஆழமான குறுகிய முக்குளிப்புக்கும் ஆழம் குறைந்த நீண்ட முக்குளிப்புக்கும் அது ஒருசேரப் பொருந்தவில்லை. கனடாவில் கிட், ஸ்டப்ஸ் என்னும் இருவர் பல அறைகளைக் கோத்துச் செய்த கருவி 1960களில் நன்றாகவே இயங்கியது. ஆனால் அது ஆய்வாளர் கையாளவேண்டிய நுண்கருவியாகவே நின்றுவிட்டது.

நுண்செயலி வந்த பிறகே வழி திறந்தது. 1983இல் இரு கருவிகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் வெளிவந்தன. சுவிட்சர்லாந்தின் டெக்கோபிரெயின், சூரிச் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பியூல்மன் நெடுங்காலம் ஆராய்ந்து உருவாக்கிய அட்டவணைகளைத் தன் நினைவகத்தில் ஏற்றி, அவற்றிலிருந்து விடையைத் தேடித் தந்தது. கணக்கு முழுவதையும் தானே போடும் ஆற்றல் அதன் அடுத்த பதிப்புக்கே கிடைத்தது. அமெரிக்காவின் ஆர்கா நிறுவனத்தின் எட்ஜ், கார்ல் ஹகின்ஸின் பங்களிப்போடு பன்னிரண்டு திசுக்களைத் தொடக்கத்திலிருந்தே தானே கணக்கிட்டு, ஒவ்வொன்றும் தன் வரம்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைத் திரையில் பட்டைகளாகக் காட்டியது. அதன் எல்லைகள் ஸ்பென்சரின் டாப்ளர் ஆய்வுகளைச் சார்ந்தவை. 1987இல் அலாடின், சூன்டோ முதலிய சிறிய கருவிகள் வந்தபின் டைவ் கம்ப்யூட்டர் பொதுப் பயன்பாட்டுக்குள் நுழைந்தது. பியூல்மனின் பதினாறு திசுக்கள் கொண்ட கணக்குமுறை இன்றும் பல கருவிகளுக்குள் இயங்கிவருகிறது.

அறிவியல் முக்குளிப்பவர்களின் அமெரிக்கச் சங்கம் 1988இல் கேட்டலினா தீவில் கூட்டிய பயிலரங்கு, இந்தப் புதிய கருவியை எப்படிக் கையாள்வது என்பதற்கு முதல் நெறிகளை வகுத்தது. கருவியை நம்பி இறங்கும் ஒவ்வொருவரும் தமக்கென ஒன்று வைத்திருக்க வேண்டும். இருவர் ஒன்றைப் பகிரக்கூடாது. நீருக்குள் கருவி செயலிழந்தால் முக்குளிப்பை உடனே முடித்து முறைப்படி மேலேற வேண்டும். இவ்விரு நெறிகளும் இன்றுவரை செல்லுபடியாகின்றன. அருகருகே நீந்தும் இருவரின் ஆழம் சில மீட்டர் வேறுபட்டாலும் அவர்களின் நைட்ரஜன் கணக்கு வேறுபடும் என்பதே முதல் நெறிக்குக் காரணம்.

மதிப்பீடு

மேற்பார்வைக்கு எதிரெதிராகத் தோன்றும் அட்டவணையும் கம்ப்யூட்டரும் எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு அமெரிக்கக் கடற்படையின் பிற்கால வரலாறே சான்று. எட்வர்ட் தால்மன் 1980களில் முதன்மையாக நீருக்கடியில் இயங்கும் கருவிக்கென ஒரு கணக்குமுறையை வகுத்தார். 2001இல் அது சிறப்புப் படையினருக்கான டைவ் கம்ப்யூட்டரில் இடம்பெற்றது. 2008இல் அதையே அடிப்படையாகக் கொண்டு கடற்படையின் கையேட்டு அட்டவணைகள் புதிதாக எழுதப்பட்டன. முற்காலத்தில் அட்டவணை கருவிக்குள் நுழைந்தது. இங்கே கருவியின் கணக்கு அட்டவணையாக வெளிவந்தது.

இருப்பினும் வேறுபாடுகள் உண்மையானவை. கம்ப்யூட்டர் திட்டமிட்ட பாதையை விட்டுவிட்டு நடந்த பாதையைக் கணக்கிடுகிறது; ஏறும் வேகம் கூடினால் எச்சரிக்கிறது; படிப்புப் பிழைக்கு இடமளிப்பதில்லை. அட்டவணைக் காலத்தில் ஒருவர் நீருக்குள் உண்மையில் என்ன செய்தார் என்பதை அவர் நினைவிலிருந்தே அறியவேண்டியிருந்தது; கருவிகள் பதிந்துவைத்த பாதைகளோ முக்குளிப்பவர் பாதுகாப்பு அமைப்புகளுக்குப் பெரும் ஆய்வுக் களஞ்சியமாகிவிட்டன. இவை எளிதில் ஒதுக்கக்கூடிய நன்மைகள் அல்ல. நாள்தோறும் பலமுறை இறங்குபவருக்கு இன்று டைவ் கம்ப்யூட்டரே சரியான கருவி என்பதில் ஐயமில்லை.

ஆனால் அட்டவணையோ பெரும்பாலான கம்ப்யூட்டர்களோ உடலை அளப்பதில்லை. இரண்டும் அடிப்படையில் அறிந்தவை ஆழமும் நேரமுமே. நீரிழப்பு, குளிர், கடும் உழைப்பு, பிறவியிலேயே இதயத்தின் இடைச்சுவரில் அடையாமல் விடப்பட்ட துளை ஆகியவற்றை அவற்றால் காண முடியாது. எல்லைக்குள்ளேயே இருந்தவர்களுக்கும் நோய் வந்திருப்பது இதனால்தான். அட்டவணை இந்த அறியாமையைத் தன் முரட்டுத்தனத்தால் ஓரளவு ஈடுசெய்தது. முழுநேரமும் அதிகபட்ச ஆழத்திலேயே இருந்ததாகக் கொண்ட அதன் மிகைமதிப்பீடு, அறியாமலே தரப்பட்ட காப்பு. கம்ப்யூட்டர் அந்தக் காப்பைத் துல்லியமாகக் கணக்கிட்டு, கூடுதல் நிமிடங்களாக முக்குளிப்பவரிடமே திருப்பித் தந்துவிடுகிறது. அந்த நிமிடங்கள் முழுவதையும் செலவழிப்பவர், ஹால்டேன் வகுத்த கற்பனைத் திசுக்களைத் தம் சொந்தத் திசுக்கள் என்றே நம்பிவிடுகிறார்.

ஆகவே அட்டவணையைப் பயிற்சியிலிருந்து நீக்குவதில் இழக்கப்படுவது அந்த அட்டை அன்று. அதைப் படிக்கும்போது கூடவே வந்த புரிதலும் ஒழுங்குமே. மேற்பரப்பு ஓய்வு எதற்கு, இரண்டாம் முறை ஏன் நேரம் குறைகிறது, ஆழம் ஏன் முன்கூட்டியே முடிவாகவேண்டும் என்ற கேள்விகளுக்குக் கட்டங்களில் விரல் வைத்து விடை கண்டவர், கருவி காட்டும் எண்ணையும் கேள்வி கேட்கத் தெரிந்தவராகிறார். பல பயிற்சி அமைப்புகள் இன்று அட்டவணையைக் கட்டாயமாகக் கற்பிப்பதில்லை. அந்தப் புரிதலை வேறு வழியில் ஊட்டுவது அவற்றின் கடமையாகிறது. கருவியிலேயே உள்ள திட்ட வசதியைத் திறந்து, இறங்குமுன் ஆழத்தையும் நேரத்தையும் உடன் இறங்குபவரோடு பேசி முடிவு செய்வதும், எல்லைக்குச் சில நிமிடம் முன்பே திரும்புவதும், 5 மீட்டரில் 3 நிமிடம் பாதுகாப்புக்காக நிற்பதும் அதன் நடைமுறை வடிவங்கள்.

இதுவரை கண்ட கணக்குகள் யாவும் நைட்ரஜன் கரைவதையும் வெளியேறுவதையும் மட்டுமே எண்ணியவை. குமிழியே எப்படிப் பிறந்து வளர்கிறது என்பதைக் கணக்கின் மையத்துக்குக் கொண்டுவந்த ஹவாய்த் தீவுகளின் ஆய்வுகளையும், அவை எழுப்பிய ஆழ்நிறுத்த விவாதத்தையும் அடுத்த இயல் விளக்கும்.